காட்டுயிர் வணிகம்: எது சட்டப்படி, எது குற்றம்? பினாங்கு காட்டும் இரண்டு வழிகள்

காட்டு உயிரினத்தைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். தோட்டத்து ஓரத்தில் தானாகத் திரிவதைப் பிடிக்க யாரைக் கேட்க வேண்டும் என்பது வேறு சிலரின் எண்ணம். மலேசியச் சட்டம் இந்த இரண்டையும் ஏற்பதில்லை. சில உயிரினங்களை எந்த நிலையிலும் தொடக்கூடாது. சிலவற்றை அனுமதி பெற்று, குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்தலாம். எது எந்த வகை என்று தெரியாததால் அபராதமும் சிறையும் அனுபவித்தவர்கள் உண்டு. தெரிந்தே விளையாடியவர்களும் உண்டு.

இந்த வேறுபாட்டை விளக்கப் பினாங்கைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சட்டத்துக்கு உட்பட்ட காட்டுயிர் வணிகமான பறவைக்கூட்டுத் தொழில் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மாடிகளில் நடந்தது. உலகம் தேடிய ஊர்வனக் கடத்தல்காரர் ஒருவர் தம் தொழிலை நடத்தியதும் இதே பினாங்கில்தான். இரண்டும் எப்படி நடந்தன, எப்படி முடிந்தன என்று பார்த்தால் சட்டத்தின் நோக்கம் விளங்கும்.

உலக ஒப்பந்தம் சொல்வது என்ன?

காட்டு உயிரினங்களை மனிதன் பயன்படுத்துவது புதிதல்ல. மீன், மூலிகை, தேன், விறகு, பிரம்பு எல்லாம் இதில் அடங்கும். பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு ஆலோசனை கூறும் ஐபிபெஸ் என்ற அனைத்துலக அமைப்பு 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதர்கள் ஏறத்தாழ 50,000 காட்டு இனங்களைப் பயன்படுத்துகிறார்கள். உலகில் ஐந்தில் ஒருவர் உணவுக்கோ வருமானத்துக்கோ அவற்றை நம்பியிருக்கிறார். ஆகவே, பயன்பாட்டை முழுமையாகத் தடைசெய்ய முடியாது. எவ்வளவு எடுத்தால் அந்த இனம் தாங்கும் என்பதே கேள்வி.

நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் எனப்படும் ஒப்பந்தம். 1973 மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மலேசியா 1977ல் இதில் இணைந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான மார்ச் 3ஆம் தேதிதான் இப்போது உலக வனவிலங்கு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சைட்டிஸ் உயிரினங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது.

முதல் பட்டியல்: அழிவின் விளிம்பில் இருப்பவை. புலி, அழுங்கு, நட்சத்திர ஆமை போன்றவை. காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்வதற்கு இடமே இல்லை.

இரண்டாம் பட்டியல்: கட்டுப்பாடு இல்லாவிட்டால் அழிந்துவிடக்கூடியவை. மலைப்பாம்பு, கடல்குதிரை, அகில் மரம் போன்றவை. ஏற்றுமதி செய்யும் நாடு அனுமதிச் சீட்டு கொடுத்தால் வணிகம் செய்யலாம். சட்டப்படி எடுக்கப்பட்டதா, எடுத்ததால் அந்த இனத்துக்குக் கேடு வராதா என்று இரண்டையும் பார்த்த பிறகே சீட்டு கொடுக்க வேண்டும்.

மூன்றாம் பட்டியல்: ஒரு குறிப்பிட்ட நாடு தன் எல்லைக்குள் உள்ள இனத்தைக் காக்க மற்ற நாடுகளின் உதவியைக் கேட்டுச் சேர்ப்பவை.

மொத்தம் 40,000க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தப் பட்டியல்களில் உள்ளன. மிகப் பெரும்பகுதி இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது. அதாவது, உலக ஒப்பந்தம் பெரும்பாலான இனங்களுக்குத் தடை போடவில்லை. கணக்குக் கேட்கிறது.

கடாரத்து அகில்

இந்தக் கணக்கு ஏன் தேவை என்பதற்கு நம் வரலாற்றோடு ஒட்டிய ஒரு மரமே சான்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து இறங்கிய பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த செல்வத்தையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். கடாரம் இன்றைய கெடா, பினாங்குக்கு அடுத்த மாநிலம். தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து தமிழகத்துக்குச் சென்ற மணப்பொருள்களில் அகிலும் ஒன்று. மலாயில் இதன் பெயர் காஹாரு.

அகில் மரம் முழுவதும் மணக்காது. மரத்தில் காயம் பட்டுப் பூஞ்சை பரவும்போது, அதை எதிர்த்து மரம் சுரக்கும் பிசின் கட்டையில் ஊறிக் கருமையாகும். அந்தக் கட்டைக்குத்தான் விலை. வெளியிலிருந்து பார்த்து எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்று சொல்வது கடினம். கைதேர்ந்தவர்கள் அறிகுறி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். விலை ஏறியபோது காட்டுக்குள் நுழைந்த மற்றவர்கள் கண்ட மரத்தையெல்லாம் வெட்டிப் பார்த்தார்கள். மலாக்காவின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கிய அகில் இனம் 1995ல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது.

இன்று தோட்டங்களில் அகில் நடப்படுகிறது. தீபகற்ப மலேசியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப மலேசிய மர வாரியத்தின் அனுமதி தேவை. பல நூற்றாண்டுகளாக நடந்த வணிகம் நிற்கவில்லை. ஆனால், கேட்பாரின்றி நடந்த காலம் முடிந்துவிட்டது.

ஜார்ஜ்டவுன் மாடிகளில் பறவைக்கூடு

சீனச் சமூகத்தினர் விரும்பி உண்ணும் பறவைக்கூடு, உழவாரக் குருவி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவையின் எச்சிலால் ஆனது. மலாயில் அதை வாலிட் என்பார்கள். பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். இருண்ட குகைக்குள் நாக்கால் சொடுக்குப் போடுவதுபோல் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் எச்சிலை நூல்போல் இழைத்துச் சுவரில் ஒட்டி, ஒரு மாதத்துக்கு மேல் உழைத்துக் கூடு கட்டும். அதில் இரண்டு முட்டை இடும்.

முன்பு கூடுகள் குகைகளிலிருந்தே எடுக்கப்பட்டன. சபாவின் கோமந்தோங் குகைகளில் வனவிலங்குத் துறையின் மேற்பார்வையில் ஆண்டுக்கு இரு பருவங்களில்தான் கூடு எடுக்கிறார்கள். முதல் முறை, முட்டையிடும் முன்பு. பறவை மறுபடியும் கூடு கட்டிக்கொள்ளும். இரண்டாம் முறை, குஞ்சுகள் பறந்து போன பிறகு. இந்த ஒழுங்கு கெட்ட இடங்களில் பறவைகள் வேகமாகக் குறைந்தன. சரவாக்கின் நியா குகைகள் இதற்கு எடுத்துக்காட்டு.

1994ல் இந்தப் பறவைகளைச் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்க்க இத்தாலி முன்மொழிந்தது. பின்னர் முன்மொழிவு விலக்கிக்கொள்ளப்பட்டது. பட்டியலில் சேர்ப்பதற்குப் பதிலாக, கூடு எடுக்கும் நாடுகள் தாங்களே நிர்வாகத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டன.

குகைக்கு மாற்றாக வந்ததுதான் கட்டட வளர்ப்பு. இருட்டு, ஈரம், நிலையான வெப்பம் மூன்றும் இருந்தால் வீட்டு மாடியும் பறவைக்குக் குகைதான். பதிவு செய்த பறவை ஒலியை ஒலிபெருக்கியில் போட்டால் பறவைகள் வந்து தங்கும். கூண்டு கிடையாது, தீனி கிடையாது. பறவை விரும்பினால் வரும், விரும்பாவிட்டால் போய்விடும். காட்டுயிரைப் பிடிக்காமல், கொல்லாமல் பயன் பெறும் தொழில் என்ற வகையில் இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜார்ஜ்டவுனில் இது பரவியதற்கு ஒரு சட்ட மாற்றமும் காரணம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997ல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் முழுமையாக முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியதும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பழைய நகரை விட்டு வெளியேறின. காலியான கடைவீடுகளில் சிலவற்றின் சன்னல்களை அடைத்துப் பறவைகளுக்கு விட்டார்கள்.

2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலங்களாக அறிவிக்கப்பட்டபோது சிக்கல் முற்றியது. ஓயாத ஒலிபெருக்கிச் சத்தம், பறவை எச்சம், சுண்ணாம்புச் சுவர்களை அரிக்கும் ஈரம், கொசு பற்றிய அச்சம் என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். முதலீடு செய்தவர்கள், நாட்டுக்கு ஏற்றுமதி வருமானம் தரும் தொழில் இது என்றார்கள். முடிவில் மரபுடைமை வட்டாரத்திலிருந்து பறவை வீடுகள் 2013 டிசம்பர் 31க்குள் வெளியேற வேண்டும் என்று மாநில அரசு கெடு விதித்தது.

கால அவகாசம் இங்கே முக்கியம். கூட்டில் குஞ்சு இருக்கும்போது வாசலை அடைத்தால் தாய்ப்பறவை உள்ளே வர முடியாது, குஞ்சுகள் பட்டினியால் சாகும். பறவையைக் காட்டி நடக்கும் தொழிலை மூடும்போதும் பறவையின் பருவத்தைப் பார்த்துத்தான் மூட வேண்டும்.

அதே ஆண்டுகளில் வெளிச்சந்தையிலும் ஓர் அடி விழுந்தது. 2011ல் சீனாவின் செஜியாங் மாநிலத்தில் விற்கப்பட்ட சிவப்பு நிறக் கூடுகளில் நைட்ரைட் என்ற உப்பு அளவுக்கு மீறி இருப்பது தெரியவந்தது. சீனா மலேசியக் கூடுகளுக்குத் தடை விதித்தது, விலை சரிந்தது. 2012 செப்டம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே வழி திறந்தது. எந்தப் பறவை வீட்டில் எடுத்த கூடு, எங்கே சுத்தம் செய்யப்பட்டது என்று பின்தொடரும்படி பதிவு முறை கட்டாயமானது. பதிவில்லாமல் எடுத்து விற்றவர்கள் செய்த தவறுக்கு, ஒழுங்காக நடத்தியவர்களும் இரண்டு ஆண்டுகள் விலை கொடுத்தார்கள். தொட்டிகளில் கூட்டை ஊறவைத்து, இடுக்கியால் ஒவ்வொரு சிறகாக எடுக்கும் வேலையைச் செய்யும் பெண்களின் கூலியும் அந்தச் சந்தையை நம்பித்தான் இருக்கிறது.

இதே பறவையின் கதை அந்தமான் நிக்கோபாரில் வேறு விதமாகப் போனது. அங்கே கூடு திருட்டு பெருகிப் பறவைகள் வெகுவாகக் குறைந்ததை, கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர் ரவி சங்கரன் பதிவு செய்தார். முழுத் தடை மட்டும் பலன் தராது, குகையைக் காக்கும் உள்ளூர் மக்களுக்கு வருமானமும் வேண்டும் என்பது அவர் வாதம். குஞ்சுகள் பறந்த பிறகு மட்டும் கூடு எடுக்கும் திட்டம் வனத்துறையுடன் சேர்ந்து தொடங்கப்பட்டது. அதற்கு வழிவிட, மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அந்தப் பறவையை இந்தியா பின்னர் எடுத்தது.

பினாங்கின் 'பல்லி மன்னன்'

இப்போது மறுபக்கம். அன்சன் வோங் என்ற பினாங்கு வணிகர் உரிமம் பெற்ற விலங்கு வியாபாரி. ஊர்வன விலங்குகளை வெளிநாடுகளுக்கு விற்கும் நிறுவனம் நடத்தினார். சட்டப்படியான சரக்குகளின் மறைவில் அரிய ஆமை, பல்லி இனங்களையும் அவர் கடத்தியதை அமெரிக்க வனவிலங்குத் துறை பல ஆண்டு இரகசிய விசாரணையில் கண்டுபிடித்தது. 1998 செப்டம்பர் 14ஆம் தேதி மெக்சிகோ நகர விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டு, 40 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். 2001 ஜூனில் 71 மாதச் சிறையும் 60,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. ஊடகங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பல்லி மன்னன்'.

தண்டனை முடிந்து பினாங்கு திரும்பியவர் மீண்டும் தொழிலில் இறங்கினார். 2010 ஆகஸ்ட் 26ஆம் தேதி பினாங்கிலிருந்து ஜகார்த்தா செல்லும் வழியில், கேஎல்ஐஏ விமான நிலையத்தில் அவருடைய பெட்டி சரக்குப் பட்டையில் உடைந்து திறந்துகொண்டது. உள்ளே 95 போவா பாம்புகளும், 2 விரியன் பாம்புகளும், ஓர் ஆமையும் இருந்தன.

அவர் மீது சாட்டப்பட்ட குற்றம், 95 போவா பாம்புகளை அனுமதியின்றி ஏற்றுமதி செய்ய முயன்றது. போவா இனம் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் உள்ளது. முறையான மூலமும் அனுமதிச் சீட்டும் இருந்திருந்தால் அதே பாம்புகள் சட்டப்படி விமானம் ஏறியிருக்கும். பாம்பு விற்றது குற்றமாகவில்லை. கணக்குக்குத் தப்பி விற்க முயன்றதே குற்றமானது.

செப்டம்பர் 6ஆம் தேதி சிப்பாங் செஷன்ஸ் நீதிமன்றம் 6 மாதச் சிறையும் 190,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. இது போதாது என்று பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் எழுப்பினார்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. நவம்பர் 4ஆம் தேதி ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தண்டனையை 5 ஆண்டுச் சிறையாக உயர்த்தியது. 2012 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 17 மாதம் 15 நாளாகக் குறைக்க, அவர் விடுதலையானார்.

இந்த வழக்கு இரண்டு பாடங்களைக் கொடுத்தது. ஒன்று, உரிமம் சுவரில் தொங்குவதால் மட்டும் வணிகம் நேர்மையாகிவிடாது. இரண்டு, சட்டம் பலவீனமாக இருந்தால் கடத்தல்காரர்கள் அந்த நாட்டைத் தேடி வருவார்கள். 1972ஆம் ஆண்டுப் பழைய சட்டம் உள்நாட்டில் பட்டியலிடப்பட்ட இனங்களையே காத்தது. வெளிநாட்டு அரிய இனங்களைக் கொண்டுவந்து விற்பவர்களைப் பிடிக்க அதில் போதிய பிடி இல்லை.

மலேசியச் சட்டம் இன்று

இப்போது இரண்டு சட்டங்கள் முக்கியம்.

முதலாவது, 2008ஆம் ஆண்டு அழியும் நிலையிலுள்ள இனங்களின் அனைத்துலக வணிகச் சட்டம் (சட்டம் 686). எல்லை தாண்டும் வணிகத்துக்கு இது பொருந்தும். தனிநபருக்கு ஒரு விலங்குக்கு 100,000 ரிங்கிட் வரையும், மொத்தம் 10 லட்சம் ரிங்கிட் வரையும் அபராதம், அல்லது 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு.

இரண்டாவது, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716). 2010 டிசம்பர் 28ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. 2022ல் இது திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட்டாகவும் உச்சச் சிறைத்தண்டனை 15 ஆண்டாகவும் உயர்த்தப்பட்டன. இணையவழி விற்பனையைக் கட்டுப்படுத்துவதும் திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று.

சட்டம் 716 உயிரினங்களை இரு வகையாகப் பிரிக்கிறது. 'பாதுகாக்கப்பட்டவை' என்ற வகையில் உள்ளவற்றைப் பிடிக்க, வளர்க்க, விற்க வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். 'முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை' என்ற வகைக்குச் சாதாரண உரிமம் கிடையாது. அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். உயிருள்ள விலங்கு மட்டுமல்ல, அதன் தோல், பல், நகம், இறைச்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒராங் அஸ்லி மக்கள் பட்டியலிடப்பட்ட சில இனங்களைத் தங்கள் உணவுக்காக வேட்டையாட இச்சட்டம் இடம் தருகிறது. விற்பதற்கு இடமில்லை. அவர்களிடமிருந்து காட்டு இறைச்சி வாங்கி விற்பவர்கள் இந்தச் சலுகையைத் தங்களுக்கும் உரியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் கவனிக்க வேண்டியவை

காட்டுப் பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு: செம்பனைத் தோட்டங்களில் அடிக்கடி காணப்படுபவை. அடிக்கடி காணப்படுவதால் அவை பாதுகாப்பு இல்லாதவை என்று எண்ணக்கூடாது. உரிமமின்றி வேட்டையாடுவதும் இறைச்சி விற்பதும் குற்றம்.

சுருக்குக் கம்பி: பன்றிக்கு வைக்கும் சுருக்கு பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. மான், தாப்பிர், புலி எதுவும் மாட்டும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் இருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. சுருக்கு வைப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே தண்டனைக்குரியது.

மலைப்பாம்பு: எலிகளைத் தேடிச் செம்பனைத் தோட்டத்துக்கு வரும். அதன் தோல் சட்டப்படி ஏற்றுமதியாகும் பொருள்தான். ஆனால் பிடிப்பவர், வாங்குபவர், ஏற்றுமதியாளர் ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் பொதுத் தற்காப்புப் படையை அழைப்பதே பாதுகாப்பானது.

அழுங்கு: எறும்புத்தின்னி என்றும், மலாயில் தெங்கிலிங் என்றும் சொல்லப்படுவது. முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது. பயந்தால் சுருண்டு பந்தாகிவிடும் என்பதால் யாரும் எளிதில் பிடித்துவிடலாம். செதிலில் மருத்துவக் குணம் இருப்பதாகப் பரவிய நம்பிக்கையே அதற்கு எமனானது. மனித நகத்தில் உள்ள கெரட்டின்தான் அந்தச் செதிலிலும் இருக்கிறது. தோட்டத்தில் அழுங்கைக் கண்டு யாராவது விலை பேசினால், அந்தப் பேச்சே சிறைக்கு வழி.

பாடும் பறவைகள்: முராய் பத்து என்ற சோலைபாடியை வளர்க்கும் பழக்கம் எல்லா இனத்தவரிடமும் உண்டு. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் இது சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே மாநாட்டில் பாராவ்-பாராவ் பறவை முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. வாங்கும் முன் உரிமம் கேட்பது அவசியம். கிளிகளில் பல இனங்களுக்கும் இதே விதி.

புலிநகம், புலிப்பல்: தாத்தா காலத்துச் சங்கிலியில் கோத்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது புலியின் உடல் பகுதிதான். வீட்டில் இருந்தால் விற்க முயலாமல் பெர்ஹிலித்தானிடம் விவரம் கேட்பது நல்லது.

ஊருக்குப் போய் வரும்போது

பினாங்குத் தமிழர்கள் பலர் உறவுக்கும் கோயிலுக்கும் தமிழ்நாடு போய் வருகிறார்கள். அங்கே சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உள்நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். கிளி சோதிடர்கள்கூட இதில் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள்.

தைப்பூசக் காவடிக்கு மயிலிறகு வாங்கி வருவது பலருக்கு வழக்கம். தானாக உதிர்ந்த இறகை இந்தியாவுக்குள் விற்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லத் தடை உள்ளது. தண்ணீர்மலை முருகனுக்கு என்று சொன்னாலும் சுங்க அதிகாரி பறிமுதல் செய்ய முடியும்.

நட்சத்திர ஆமை விஷயம் இன்னும் கடுமையானது. இந்தியாவிலும் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் வாழும் இந்த ஆமை, செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடிக்கப்படுகிறது. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அனுப்பப்பட இருந்த ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. 2019 ஆகஸ்ட் மாநாட்டில் இது சைட்டிஸ் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. எதிர்த்திசையில், கோலாலம்பூரிலிருந்தும் பேங்காக்கிலிருந்தும் அயல்நாட்டு விலங்குகளைப் பெட்டியில் அடைத்துச் சென்னையில் சிக்கியவர்களும் உண்டு.

கடல் அட்டை இன்னொரு எச்சரிக்கை. 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிப்பதே குற்றம். பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமத்துடன் பிடிக்கவும் வளர்க்கவும் செய்கிறார்கள். ஒரு கரையில் தொழில், மறு கரையில் குற்றம். ஒரு நாட்டில் கடையில் விற்கிறது என்பதற்காக மறு நாட்டுக்குள் கொண்டுவரலாம் என்று பொருளல்ல.

இந்தச் சங்கிலியில் பிடிபடுபவர் பெரும்பாலும் முதலாளி அல்ல. விமானச் சீட்டும் கொஞ்சம் பணமும் தருகிறோம், இந்தப் பெட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடு என்ற பேச்சுக்கு மயங்கியவரே சிறைக்குப் போகிறார். மரத்திலும் இதே நிலைதான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். செம்மரத்தைக் கடல் கடந்து விற்றுப் பணம் பார்ப்பவர்கள் அந்தக் காட்டில் இல்லை.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

செல்லப்பிராணியோ, மருந்தோ, இறைச்சியோ, அலங்காரப் பொருளோ, காட்டிலிருந்து வந்த எதையும் வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

எங்கிருந்து வந்தது? வளர்ப்புப் பண்ணையா, காடா? விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உரிமம் யார் பெயரில் இருக்கிறது? எந்த இனம், எத்தனை, எந்தத் தேதி வரை என்பது அதில் இருக்கும். கடைக்காரரின் உரிமம் வாங்குபவருக்குப் பொருந்தாது. வீட்டில் வளர்ப்பவருக்குத் தனி உரிமம் வேண்டும்.

எல்லை தாண்டுமா? தாண்டினால் புறப்படும் நாடு, சேரும் நாடு இரண்டின் அனுமதியையும் பார்க்க வேண்டும்.

ஐயம் இருந்தாலோ, சட்டவிரோத விற்பனையைக் கண்டாலோ பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அடிபட்ட விலங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதும் சட்டச் சிக்கலில் முடியலாம். உடனே தகவல் கொடுப்பது விலங்குக்கும் நல்லது, கண்டெடுத்தவருக்கும் நல்லது.

2022 டிசம்பரில் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பல்லுயிர்த் திட்டத்தின் ஐந்தாம் இலக்கு, காட்டு இனங்களின் பயன்பாடும் வணிகமும் 2030க்குள் நீடிக்கத்தக்கதாகவும் பாதுகாப்பானதாகவும் சட்டப்படியும் இருக்க வேண்டும் என்கிறது. குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுப்பவர் அந்த இலக்குக்குள் இருக்கிறார். இன்று எடுத்ததால் அடுத்த பருவத்திலும் அவருக்குக் கூடு இருக்கும்.